சுத்தமாக இருக்கும் சக்கரத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்!

வெள்ளிக்கிழமை காலை ஆம்பூர், வாணியம்பாடி தெருக்களில் நடந்தால் பாதி வாசல்கள் ஈரமாக இருக்கும். ஜும்மாவுக்குக் கிளம்பும் முன் ஒரு வீட்டில் கார் கழுவுவார்கள். அடுத்த தெருவில் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சை, மிளகாய் கட்டிய பிறகுதான் பைக் வெளியே வரும். எந்த வீடாக இருந்தாலும் முதல் பக்கெட் தண்ணீர் சக்கரத்துக்குத்தான். அழுக்கு அதிகம் சேரும் இடம் அதுதானே!

அந்த முதல் பக்கெட்டை ஊற்றுவதற்கு முன் இரண்டு நிமிடம் குனிந்து பாருங்கள். சக்கரத்தில் படிந்திருக்கும் கறுப்பும் பிசுக்கும் பிரேக்கும் டயரும் எழுதிவைத்த குறிப்பு. நாம் அதை வாரா வாரம் படிக்காமலேயே அழித்துவிடுகிறோம்.

பேரணாம்பட்டு வாசகி ஒருவர் கேட்டிருந்தார். “எங்க காருல முன் சக்கரம் ரெண்டும் கரி பூசின மாதிரி ஆகுது. பின் சக்கரம் பளிச்சுனு இருக்கு. பிரேக் பேட் மாத்தணும்னு சொல்றாங்க. உண்மையா?”

பேட் தேய்ந்திருக்கலாம், தேயாமலும் இருக்கலாம். ஆனால் அந்தக் கரி அதற்குச் சாட்சி இல்லை.

பெரும்பாலான கார்களில் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். பிரேக்கை அழுத்தும்போது காரின் மூக்கு கீழே இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் சக்கரங்கள்தான் செய்கின்றன. பிரேக் பேட் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும்போது இரண்டுமே தேய்கின்றன. பேட் மட்டும்தான் தேயும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. நம் சோளிங்கரிலேயே பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் வார்ப்பாலை இருக்கிறது. தேய்ந்து விழும் தூளில் இரும்பும் பேடின் கலவையும் சேர்ந்தே இருக்கும். சூட்டோடு பறந்து வந்து ரிம்மில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் இருக்கும் டிரம் மூடிய சட்டி மாதிரி. தூள் உள்ளேயே தங்கிவிடும். அதனால் முன்னால் கறுப்பு, பின்னால் பளிச். இதுதான் இயல்பு.

அந்தத் தூள் உலர்ந்ததாக இருக்க வேண்டும், இடது வலது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் நிம்மதியாகக் கழுவலாம். புது பேட் போட்ட சில நாள்களுக்குத் தூள் கூடுதலாக வரும். உலோகம் அதிகம் கலந்த பேட் என்றால் கறுப்பு அதிகம், செராமிக் பேட் என்றால் வெளிர்த் தூள். வெள்ளை காரின் கதவோரம் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரிந்தால், பாடி துருப்பிடித்துவிட்டது என்று பெயின்ட் கடைக்கு ஓட வேண்டாம். பறந்து ஒட்டிய இரும்புத் தூள் ஈரத்தில் துருப்பிடித்திருக்கிறது. பெரும்பாலும் அவ்வளவுதான்.

சரி, ஒரு பக்கம் மட்டும் கறுப்பாக இருந்தால்?

பிரியாணி கடை வாசலில் ஒரு சோதனை

முன் சக்கரங்களில் இடது பக்கம் கன்னங்கரேல், வலது பக்கம் துடைத்து வைத்த மாதிரி. பார்த்தவுடன் நாம் குறை சொல்வது கறுப்புச் சக்கரத்தை. அது சரியாகவும் இருக்கலாம். பேடை அழுத்தும் காலிப்பர், பிரேக்கை விட்ட பிறகும் பின்வாங்காமல் ‘ஜாம்’ ஆகி நின்றிருக்கலாம். அது நகர வேண்டிய பின்னில் கிரீஸ் காய்ந்திருக்கலாம். வண்டி ஓடும் நேரமெல்லாம் அந்தப் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், பேட் சீக்கிரம் தீரும், சக்கரம் கொதிக்கும்.

ஆனால் இன்னொரு சாத்தியம் உண்டு. கறுப்புச் சக்கரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. சுத்தமாக இருப்பதுதான் நோயாளி! அந்தப் பக்கக் காலிப்பர் அழுத்தவே இல்லை. பிரேக் பிடிக்காத சக்கரத்தில் தூள் எப்படி வரும்? இது முன்னதைவிடப் பெரிய ஆபத்து. அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் பிடித்து, வண்டி அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மழையில் நனைந்த நெடுஞ்சாலையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எது நோயாளி என்று எப்படித் தெரிந்துகொள்வது? சூடு சொல்லிவிடும். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிற குடும்பங்கள் எப்படியும் ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தும். அதுதான் சரியான நேரம். இறங்கியதும் காரை ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய் அனலைப் பாருங்கள். அருகில்தான், தொடவே கூடாது. டிஸ்க்கின் சூடு கொதிநீரைத் தாண்டி இருக்கலாம், தோல் உரிந்துவிடும். முன் சக்கரம் இரண்டிலும் ஒரே மாதிரி அனல் என்றால் நல்லது. பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி வந்தும் ஒரு பக்கம் மட்டும் கொதித்தால், அது உரசிக்கொண்டிருக்கிறது. நன்றாகப் பிரேக் போட்டு வந்தும் ஒரு பக்கம் மட்டும் ஆறிப்போன இட்லி மாதிரி இருந்தால், அது பிடிக்கவே இல்லை. மெக்கானிக்கிடம் “ஏதோ இழுக்குது” என்று சொல்வதற்குப் பதிலாக, “இடது முன் சக்கரம் மட்டும் சூடாகுது, தூளும் அங்கதான்” என்று சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே கை வைப்பார் என்பதே மாறிவிடும்.

ஏலகிரியிலிருந்து இறங்கியவுடன் இந்தச் சோதனை செல்லாது. 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கி வந்தவருக்கு எல்லாச் சக்கரமும் கொதிக்கத்தான் செய்யும். கீழே வந்ததும் கருகிய வாசனை, ரிம் முழுக்கத் தூள் என்றால், கோளாறு காரில் இல்லை. முதல், இரண்டாவது கியரில் இறங்கியிருந்தால் இன்ஜினே பாதி வேலையைச் செய்திருக்கும். கொதிக்கிற டிஸ்க்கில் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் குளிர்விக்கும் வழக்கம் ஒன்றும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இரும்பு நெளியும், சில நேரம் விரிசலும் விடும். நிறுத்தி, டீ குடித்து, தானாக ஆறவிடுங்கள்.

ஈரம் தெரிந்தால் சாவியைக் கையில் எடுக்காதீர்கள்

உலர்ந்த தூளைப் பார்த்து யோசிக்க நேரம் இருக்கிறது. ஈரம் அப்படியல்ல. மழையோ, கழுவலோ இல்லாத நாளில் சக்கரத்தில் ஈரப்பிசுக்கு இருந்தால் அது மூன்றில் ஒன்று: பிரேக் ஆயில், கிரீஸ், கியர் ஆயில். பெரும்பாலும் டயரின் உள்பக்கத்தில், வண்டிக்கு அடியில் பார்த்தபடி இருக்கும் முகத்தில்தான் வழியும். அதனால்தான் வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணில் படுவதில்லை. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துவிட்டு, செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பழைய வெள்ளைத் துணியில் ஒற்றி எடுங்கள். கறுத்து, கெட்டியாக, விரலில் இழுபட்டால் கிரீஸ். ரிம்மின் உள்பக்கம் வட்டமாகக் கோடு போட்ட மாதிரி தெறித்திருந்தால், முன் சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸிலின் ரப்பர் பூட் கிழிந்திருக்கும். இன்றே நின்றுவிடாது. ஆனால் கிழிசல் வழியாக மண் உள்ளே போய்விட்டால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை சில ஆயிரங்களாகும்.

பழைய முட்டை நாற்றம் போல ஒரு கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். பின் ஆக்ஸில் உள்ள வேன், லோடு வண்டிகளில் ஆயில் சீல் போய் பின் சக்கரத்தில் வழியும். அது டிரம்முக்குள் புகுந்து பிரேக் ஷூவை நனைத்துவிட்டால் பிரேக் வழுக்கும்.

மிச்சம் இருப்பது பிரேக் ஆயில். வெளிர் மஞ்சளாக, தண்ணீர் போல ஓடும், தொட்டால் வழவழப்பு. எண்ணெய் என்று பெயர்தானே தவிர, நம் வண்டிகளில் வரும் டாட் 3, டாட் 4 வகைகள் உண்மையில் எண்ணெயே அல்ல, தண்ணீரோடு கலந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஒற்றிய துணியைத் தண்ணீரில் அலசுங்கள். கரைந்து போய்விட்டால் பிரேக் ஆயில், மிதந்தால் எண்ணெய். இதனால்தான் வெள்ளிக்கிழமைக் கழுவல் ஆபத்தானது. கியர் ஆயில் வழிந்திருந்தால் தண்ணீர் ஊற்றினாலும் பிசுக்காக நின்று காட்டிக்கொடுக்கும். பிரேக் ஆயில் தடமே இல்லாமல் போய்விடும். அது பட்ட இடத்தில் பெயின்ட் மட்டும் உப்பி உரிந்திருக்கும், அதையும் பாருங்கள்.

அடுத்து பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் அளவைப் பாருங்கள். பேட் தேயத் தேய அளவு மெல்லக் குறைவது இயல்பு. போன மாதம் மேல் கோட்டில் இருந்தது இன்று கீழ்க் கோட்டில் என்றால் கசிவு. கடையில் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிவிட்டுக் கிளம்புவது தீர்வு அல்ல. காரை நிறுத்திய நிலையிலேயே பெடலை அழுத்திப் பிடியுங்கள். பஞ்சு மாதிரி இருந்தாலோ, மெல்ல உள்ளே இறங்கினாலோ வண்டியை எடுக்காதீர்கள். சி.எம்.சி-யில் அப்பாவுக்கு அப்பாயின்ட்மென்ட் இருந்தாலும் அன்று பஸ்ஸில் போங்கள். மெக்கானிக் வீட்டுக்கு வரட்டும்.

கசிவே இல்லாவிட்டாலும் இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். மலையிறக்கத்தில் கொதித்து ஆவியானால் பெடல் சும்மா இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

உப்பு லோடும் ஷூ கம்பெனி ஸ்கூட்டரும்

எந்த ஊர் காருக்கும் பொருந்துவதை இதுவரை பார்த்தோம். நம் ஊருக்கு மட்டும் ஒரு தனிக் கதை உண்டு. உப்பு.

தோல் ஷாப்புகளுக்கு வரும் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். லோடு ஏற்றிய வண்டியின் பலகை இடுக்கு வழியாக அந்த உப்புத் தண்ணீர் சக்கரத்திலும் பிரேக் பைப்பிலும் சொட்டும். காய்ந்ததும் நட்டுகளைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து நிற்கும். இதே மாதிரி வெள்ளைப் புள்ளிகள் போர் தண்ணீரில் கழுவும் வண்டிகளிலும் வரும். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் எப்படிக் கெட்டது என்பது தனி வரலாறு. அது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை. இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஈரத் துணியால் துடையுங்கள். உடனே கரைந்தால் உப்பு. அசையாமல், எலுமிச்சைச் சாறு பட்டால்தான் இளகுகிறது என்றால் கடினநீர்ச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். உப்பு பிரேக் பைப்பையும் காலிப்பர் பின்னையும் தின்னும். தோல் லோடு அடிக்கும் சின்ன வண்டி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, கிளம்பியதும் இரண்டு மூன்று முறை மெதுவாகப் பிரேக் போட்டு உலர்த்துவது நல்லது. மழைக்காலக் காலையில் டிஸ்க்கில் தெரியும் மெல்லிய துருவும் இப்படியே போய்விடும், அதற்குப் பயம் வேண்டாம்.

ஷூ கம்பெனி ஷிஃப்ட்டுக்குப் போகிற பெண்கள் பலர் இன்று ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். பின் சக்கரத்தை டிரம் பக்கம் பாருங்கள். டிரம்மின் அடியிலிருந்து கறுப்பாக ஈரக் கோடு வழிந்திருந்தால், கியர் பெட்டியின் ஆயில் சீல் போயிருக்கிறது. ஆயில் பிரேக் ஷூவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. “பின் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது” என்று கேபிளை இறுக்கிக்கொண்டே போனால் சரியாகாது. சீலையும் மாற்ற வேண்டும், ஆயில் குடித்த ஷூவையும் மாற்ற வேண்டும். பைக்கில் முன் ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் டிஸ்க்கையும் பாருங்கள், அங்கே சொட்டியிருக்கலாம். பின் ரிம்மில் புள்ளி புள்ளியாகக் கறுப்புப் பிசுக்கு என்றால் பெரும்பாலும் செயினுக்கு அடித்த லூப். அதிகமாக அடித்துவிட்டீர்கள். துடைத்தால் போதும், டயரின் தரை படும் பகுதியிலும் டிஸ்க்கிலும் படாமல்.

இங்கே ஒரு கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வாட்டர் சர்வீஸ் கடைகளில் டயர் பளபளக்க பாலிஷ் அடிக்கும்போது, டூவீலரின் தரை படும் பகுதியிலும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். முதல் வளைவிலேயே வழுக்கும். கார் அடிப்பகுதியில் டீசல் அடிக்கும் பழக்கம் அடுத்தது. டீசல் ரப்பரை உப்ப வைக்கும், பிரேக்கில் பட்டால் பிடிமானம் போகும். காசு கொடுத்துக் கோளாறு வாங்குவது!

டயருக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் பழுப்பு படர்ந்தால் மண் என்று நினைத்துத் தேய்ப்போம். மறுபடி வரும். அரக்கோணம் எம்.ஆர்.எஃப் ஆலையில் செய்த டயரானாலும் வெளிநாட்டு டயரானாலும், காற்றிலிருக்கும் ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்காமல் காக்க ஒரு ரசாயனம் கலக்கிறார்கள். அது மெல்ல மேலே கசிந்து வந்து, ஓசோனோடு சேர்ந்து பழுப்பாகிறது. டயர் தன்னைக் காத்துக்கொள்கிற அடையாளம் அது. பொதுவாகச் சேர்ப்பது 6பிபிடி என்ற ரசாயனம். அதற்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் மழை பெய்தாலே ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்தன. டயர் துகளிலிருந்து மழைநீரில் கலக்கும், 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து உருவாகும் பொருள்தான் காரணம் என்று 2020 டிசம்பரில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

பழுப்புக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது, பஞ்சர் ஒட்ட டயரைக் கழற்றும்போது உள்ளே கொட்டும் கறுப்பு ரப்பர் தூளுக்கு. காற்றுக் குறைவாக ஓடி, பக்கச் சுவர் மடங்கி மடங்கி உள்ளேயே அரைபட்டிருக்கிறது என்று அர்த்தம். வேலூர் வெயிலில் அந்த டயர் நெடுஞ்சாலையில் வெடிக்கக்கூடியது. பஞ்சர் ஒட்டி மறுபடி மாட்டச் சொல்லாதீர்கள். டயர் கடைக்காரர் தூளைத் தட்டிவிட்டு மாட்டப் பார்த்தால், “அண்ணே, உள்ள ஒருவாட்டி காட்டுங்க” என்று கேளுங்கள். நல்ல டயர் என்றால் உள்ளங்கையை அதன் பட்டையின் மீது குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழ, மறுதிசையில் ரம்பம் மாதிரி உறுத்தினால் அலைன்மென்ட் போயிருக்கிறது. கார் டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றியாக வேண்டும்.

பிரேக் தூளைத் துடைக்கும்போது மூக்கையும் கவனியுங்கள். டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்து ‘புஸ்’ என்று ஊதுவது நம் பட்டறைகளில் வழக்கம். பக்கத்தில் நிற்கும் உதவியாள் பையன்தான் அதை முழுக்கச் சுவாசிப்பான். பழைய பிரேக் ஷூக்களிலும், பெயர் தெரியாத மலிவு ஷூக்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதன் எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தெளிவான நிலைப்பாடு. கைக்குட்டை கட்டிக்கொண்டால் அது நிற்காது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடச் சொல்லுங்கள். நீங்கள் வாடிக்கையாளர், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். ஷூ வாங்கும்போது பெட்டியில் ‘ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது’ என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

புகைபோக்கியிலிருந்து வருவது மட்டும்தான் மாசு என்ற காலம் மாறிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவின் யூரோ 7 விதி பிரேக் தூளுக்கும் வரம்பு வைத்திருக்கிறது. பெட்ரோல், டீசல், ஹைபிரிட் கார்களுக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம். புது மாடல்களுக்கு 2026 நவம்பர் இறுதியிலிருந்து அமல். மின்சார வண்டிக்கு ஏன் குறைவு? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலை பேட்டரிக்கு அனுப்பிவிடும். பிரேக்குக்கு வேலை குறைவு, தூளும் குறைவு.

ராணிப்பேட்டையிலேயே மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் தொழிற்சாலை வந்துவிட்ட பிறகு, நம் தெருவிலும் சத்தமில்லாத வண்டிகள் கூடிவிட்டன. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் கேட்பது நேர் எதிரான கேள்வி. “தூளே வரலை, ஆனா டிஸ்க் ஆரஞ்சு கலர்ல துருப்பிடிச்சு நிக்குது, ஏன்?” பிரேக்கைப் பயன்படுத்தவே இல்லை, அதனால்தான். வாரத்துக்கு ஒருநாள், பின்னால் யாரும் வராத நேராகப் போகும் ரோட்டில், நான்கைந்து முறை நன்றாக மிதித்து ஓட்டுங்கள். மறுபடி ஈரத்தில் நிற்கும் வரை டிஸ்க் வெள்ளியாக இருக்கும்.